குலுங்காத கார்

சட்டக்காரர் அடுத்த வீட்டுக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் பென்சிலைக் கவ்விக்கொண்டு, பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தபோது, அந்தக் காரின் சொந்தக்காரி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஜோடிச் செருப்பு. அது ஓட்டுநர் கதவருகே வந்து நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களின் பக்கம் மெதுவாக வந்தது.

"அண்ணே, இது உங்க காலா?"

"என் கால்தாம்மா."

"மிச்சம் எங்க?"

"உள்ளே இருக்கு. ஒரு பூனை... பூனை ஒண்ணு உள்ளே புகுந்த மாதிரி இருந்துச்சு."

வேறு எந்தப் பொய்யும் அந்த நேரத்துக்கு அவர் வாயில் வரவில்லை. பென்சில் வேறு இருந்தது.

தெருவில் எல்லோரும் அவரைச் சட்டக்காரர் என்றுதான் சொல்வார்கள். வக்கீல் என்று நினைத்து வில்லங்கப் பத்திரத்தோடு கதவைத் தட்டியவர்களும் உண்டு. அவர் போடுவது படங்களுக்கான சட்டம். கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், போய்ச் சேர்ந்தவர் படம் என்று எதைக் கொடுத்தாலும் மரத்தை அறுத்து, நாலு மூலையும் பொருந்த ஒட்டி, கண்ணாடி போட்டுக் கொடுப்பார். மூலை நூலளவு விலகினாலும் பிரித்துத் திரும்பச் செய்வார். அப்படிப்பட்ட கை.

அடுத்த வீட்டில் இருப்பவள் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவள். தெருவுக்கே தங்கச்சி. பெரியவர்களும் தங்கச்சி என்பார்கள், அவளைவிடச் சின்னவர்களும் தங்கச்சி என்பார்கள். அவளும் எல்லோருக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

மழைக்காலம் தொடங்கும்முன் ஒரு நாள் மதியம் சட்டக்காரருக்கு வீட்டு முன்னறையில் இருந்த கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. சாதாரணப் படபடப்பு இல்லை. உள்ளே யாரோ தையல் மெஷினை விடாமல் மிதிக்கிற மாதிரி. கண் இருட்டியது. மனைவி போட்ட கூச்சலில் தங்கச்சி சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள். அவரைப் பின்சீட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னாள்.

அவள் கார் பழசு. ஸ்பிரிங் செத்துப்போய்ப் பல காலம். பள்ளமும் மேடுமான அந்த ரோட்டில், அவள் ஓட்டிய வேகத்தில், சட்டக்காரர் பின்சீட்டில் பாப்கார்ன் மாதிரி பொரிந்தார். ஒரு தடவை தலை போய்க் கூரையிலேயே இடித்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தவர்களிடம், "பரவாயில்லை, நானே நடக்கிறேன்" என்று சொல்லி அவர் இறங்கி நடந்தார். அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஒரு ராத்திரி படுக்க வைத்து, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சட்டக்காரருக்கு அந்தக் காரைப் பார்த்தாலே கண் கலங்கும்.

"முதுகெலும்பு முறிஞ்ச கிழ மாடு மாதிரி இருக்கு. அதுல வச்சு என் உயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாளே" என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

தங்கச்சி நன்றியைக் கையில் வாங்குகிற ஆள் இல்லை. வாடகை கொடுக்கப் போனபோது, "பக்கத்து வீட்டுக்கு ஓட்டினதுக்கு மீட்டரா?" என்று கேட்டாள். புடவை எடுத்துக்கொண்டு போனார். அதை அவர் மனைவிக்கே உடுத்தக் கொடுத்தனுப்பினாள். அவளுடைய அப்பா படத்துக்குத் தேக்கில் சட்டம் போட்டுத் தருகிறேன் என்றார். "அவரு உயிரோடதானே அண்ணே இருக்காரு, கோவிச்சுக்குவாரு" என்றாள்.

கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. அவளுக்குத் தெரியாமலே அவள் காருக்குக் காற்றுப் பை சஸ்பென்ஷன் போட்டுவிட வேண்டும். இரும்பு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் ரப்பர் பைகள். டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரஸர், ஒரு காற்றுத் தொட்டி. ரோடு எப்படி இருந்தாலும் கார் மெத்தையில் போகிற மாதிரி போகும்.

அதற்குத்தான் அந்த அளவு. அதற்குத்தான் அந்தப் பூனை.

இல்லாத பூனைக்காகத் தங்கச்சி மனசு இளகிவிட்டாள். தினமும் காரைக் கிளப்பும்முன் பானெட்டைத் தட்டினாள். குனிந்து பார்த்தாள். பாவம் பசியோடு இருக்கும் என்று சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தாள்.

பால் வைத்தால் பூனை வராமல் இருக்குமா? சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்த, முரட்டுப் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்து குடியேறிவிட்டது. அடுத்த தடவை சட்டக்காரர் அளவெடுக்கக் குனிந்தபோது அவர் மூக்கில் ஒரு கீறல் விழுந்தது.

"பாத்தீங்களா, நீங்க சொன்ன பூனை இதுதான்" என்றாள் தங்கச்சி. மருந்தும் அவளே போட்டுவிட்டாள்.

அளவெடுக்கும் வேலையை இனி விவரம் தெரிந்தவனிடம் விடுவதே நல்லது என்று சட்டக்காரர் காத்துவைத் தேடிப் போனார். காத்து என்பது பட்டப்பெயர். ஊரிலேயே காற்றுப் பை போடத் தெரிந்த ஒரே மெக்கானிக். அவனிடம் வருகிறவர்கள் எல்லாம் காரைத் தரையோடு தேய்க்கிற அளவுக்குத் தாழ்த்தச் சொல்லும் இளவட்டங்கள்.

"எவ்வளவு இறக்கணும் சார்? உரசிக்கிட்டுப் போகணுமா, ஒட்டிக்கிட்டுப் போகணுமா?"

"இறக்கவே வேண்டாம் தம்பி. குலுங்காம இருந்தாப் போதும்."

காத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான். "கலர் லைட்டு?"

"வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு சார் செய்யறீங்க?"

சட்டக்காரர் நடந்ததை எல்லாம் சொன்னார். காத்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டான். முடிவில், கூலிக்குப் பதில் தான் செய்த கார்களின் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டுத் தந்தால் போதும் என்றான். நேரில் வந்து பார்க்கவும் ஒத்துக்கொண்டான்.

தங்கச்சி தூங்கும் மதிய நேரம் பார்த்து இருவரும் போனார்கள். காத்து காருக்கு அடியில் நுழைந்தான். அவள் அன்று தூங்கவில்லை.

"அண்ணே, யாரு இது?"

"இவரு... பூனை பிடிக்கிறவரும்மா."

காருக்கு அடியிலிருந்து காத்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கிரீஸ். தங்கச்சி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரொம்ப நல்லதுங்க. அடிச்சுக்கிடிச்சுப் போடாம, நல்ல இடமாப் பாத்து விட்டுடுங்க."

அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் காத்து பூனையைப் பிடிக்கப் போனான். பூனை அவன் தலையில் ஏறியது. தோளில் இறங்கியது. சட்டைக்குள் போனது. அந்த நிலையிலேயே அவன் பைக்கில் ஏறிப் போனான். அளவு பாதிதான் எடுத்திருந்தான்.

சாயந்திரம் போன் செய்தான். "சார், நின்ன வண்டியில எடுத்த அளவு போதாது. ஆள் ஏறினா எவ்வளவு அமுங்குது, ஓட்டத்துல எவ்வளவு தூக்குதுன்னு தெரியணும். அப்பதான் எந்தப் பைன்னு முடிவு பண்ண முடியும். நீங்க நாலு பேரா ஏறி ஒரு ரவுண்டு போங்க. நான் பின்னாலயே வந்து சக்கரத்தைப் பாத்துக்கறேன்."

அவரும் மனைவியும் இரண்டு பேர்; மீதி இரண்டு பேருக்கு எங்கே போவது? மனைவியின் அண்ணனையும் அண்ணியையும் வரவழைத்தார். மச்சான் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம். அந்த வகையில் சோதனைக்கு நல்லது.

"எங்க போகணும் அண்ணே?" என்றாள் தங்கச்சி.

"சும்மா ஒரு காத்து வாங்கிட்டு வரலாம்மா" என்றார் சட்டக்காரர். அது முழுப் பொய் இல்லை என்பதில் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி.

கார் கிளம்பியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மச்சானின் அண்ணன்தம்பிகள் எல்லோரும் சேர்ந்து குதிப்பதுபோல் குதித்தது. கடைத்தெரு தாண்டியதும் தங்கச்சி கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அண்ணே, யாரும் திரும்பாதீங்க. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பின்னாலயே வர்றான்."

"ரோடுன்னா நாலு பேரு வரத்தானேம்மா செய்வாங்க."

"நான் நிறுத்தினா நிறுத்தறான். திரும்பினா திரும்பறான். ரோட்டைப் பாக்கல, நம்ம டயரையே பாக்கறான். டயர் திருடன்."

"சேச்சே, அப்படி எல்லாம் இருக்காது."

"ஓடற வண்டியில எப்படி டயரைத் திருடுவான்?" என்றார் மச்சான்.

"அதுக்குத்தானே நோட்டம் பாக்கறான்" என்றாள் மச்சானின் மனைவி.

தங்கச்சி வேகத்தைக் கூட்டினாள். காத்துவும் கூட்டினான். வேகத்தில் குலுக்கல் எப்படி என்று பார்க்க வைத்த பரீட்சை என்று நினைத்துக்கொண்டான் போல. ஒரு கையை விட்டுவிட்டு, 'அருமை, இன்னும் போங்க' என்று சைகை வேறு காட்டினான்.

"கூட்டாளிங்களுக்கு சிக்னல் காட்டறான்" என்றாள் தங்கச்சி. "பயப்படாதீங்க அண்ணே. உங்களை ஒரு தடவை பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்தவ நான். இப்பவும் சேப்பேன்."

சட்டக்காரருக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. அதற்குள் கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. பல் நாக்கைக் கடித்துவிட்டது. மறுபடி வாய் வந்தபோது கார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தது.

காத்துவும் பின்னாலேயே உள்ளே வந்து நின்றான். "சார், பின்பக்கம் ரொம்ப அமுங்குது. அந்தக் குண்டு சார் எந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு?" என்று சட்டக்காரரிடம் கேட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இவன் பூனைக்காரன்" என்றாள் தங்கச்சி.

மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் எல்லோரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு சட்டக்காரரிடம், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"சட்டம் போடறேன் சார்."

போலீஸ்காரர் எழுந்து நின்றார். சட்டைப் பட்டனைப் போட்டார். தன் நாற்காலியை முன்னால் தள்ளினார். "உக்காருங்க ஐயா. முன்னாடியே சொல்லியிருந்தா வாசல்லயே வந்திருப்பேனே."

"படத்துக்குங்க" என்றார் மச்சான்.

போலீஸ்காரர் நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குமேல் மறைக்க எதுவும் இல்லை. கடிபட்ட நாக்கோடு சட்டக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். பூனை இல்லாத அன்று பூனை என்று சொன்னது, மெக்கானிக்கைப் பூனை பிடிக்க வைத்தது, மச்சானை எடைக்கல்லாகக் கொண்டுவந்தது எல்லாம். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கச்சிக்குக் கோபம் வந்திருந்தது. "என் வண்டி மேல குறை இருந்தா நேரா சொல்லியிருக்கலாமே அண்ணே."

"குறை இல்லம்மா. உனக்கு எதையாவது செய்யணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. எது குடுத்தாலும் நீ வாங்கல. நாள் பூரா அந்தக் குலுக்கல்ல உக்காந்து ஓட்டறியே, உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"நான் என்ன பெருசா பண்ணிட்டேன்? சாப்பாட்டுல இருந்து எழுந்து வந்தேன். அவ்வளவுதானே."

"நீ சாப்பிட்டு முடிச்சுட்டு நிதானமா வந்திருந்தா, இன்னைக்கு என் கடையில நானே ஒரு சட்டத்துக்குள்ளதான் இருந்திருப்பேன்."

சட்டக்காரரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போலீஸ்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

"டிக்கியில இடம் குறையக் கூடாது அண்ணே" என்றாள் தங்கச்சி கடைசியில். "ரயிலுக்குப் போறவங்க பெட்டி வைக்கணும்."

அப்படித்தான் அவள் சம்மதித்தாள்.

மறுநாளிலிருந்து திட்டம் சட்டக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. காத்து காகிதத்தில் படம் போட்டான். சட்டக்காரர் அட்டையில் டிக்கியை வெட்டி ஒட்டி, அதற்குள் காற்றுத் தொட்டியை எங்கே வைத்தாலும் பெட்டி இடிப்பதைக் காட்டினார். உபரிச் சக்கரத்தின் குழியில் தொட்டியை வைத்தால் சக்கரத்தை எங்கே வைப்பது என்று தங்கச்சி கேட்டாள். "மடியில வச்சுக்கச் சொல்லலாம்" என்றார் இன்னும் கோபம் தீராத மச்சான். முடிவில் ஒரு பெரிய தொட்டிக்குப் பதிலாக ஒல்லியான இரண்டு தொட்டிகளை, டிக்கித் தரைக்கு அடியில் இரண்டு ஓரமும் படுக்க வைப்பதென்று தீர்ந்தது. பை டயரில் உரசாமல் இருக்க எவ்வளவு இடைவெளி, சைலன்ஸர் சூடு படாமல் குழாயை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று அவர்கள் பேசிய பேச்சில் சாப்பாடு தினமும் ஆறிப்போனது. மனைவி அதற்குக் கோபிக்கவில்லை. நெஞ்சு படபடத்த நாளிலிருந்து முகம் தொங்கப் போட்டிருந்த மனுஷன் இப்படிக் குனிந்து நிமிர்ந்து சிரிப்பதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரில் செய்யும் மாற்றத்துக்கு அனுமதி வாங்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று அந்தப் போலீஸ்காரரே சொல்லி அனுப்பினார்.

வேலை முடிந்த முதல் நாள் காலையில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு பையில் காற்று கசிந்திருந்தது. "உங்க வீட்டைப் பாத்துக் கும்பிடற மாதிரி இருக்கு அண்ணே" என்றாள் தங்கச்சி. காத்து வந்து ஒரு வால்வை மாற்றினான். அப்புறம் சாயவில்லை. மச்சான் ஏறி உட்கார்ந்தபோது மட்டும் பின்னால் கம்ப்ரஸர் 'உர்ர்' என்று முனகி காரைத் தூக்கிப் பிடித்தது.

"நான் ஏறினாதான் இது முனகுது" என்றார் மச்சான்.

"மரியாதை பண்ணுது மச்சான்" என்றார் சட்டக்காரர்.

அதிலிருந்து எல்லோருக்கும் நல்ல காலம். ரயிலுக்கு என்று ஏறினவர்கள் காரிலேயே தூங்கிப்போய், எழுப்பிவிட்டதற்கு வருத்தத்தோடு இறங்கினார்கள். தங்கச்சிக்கு இடுப்பு வலி போயிற்று. ஒரு நாள் சாயந்திரம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணே, நேத்து நாள் பூரா ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரமும் கழுவினேன். இத்தனை வருஷத்துல இப்பதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல வராது. சட்டக்காரர் அன்று மூலையை நேராக ஒட்ட முடியாமல் இரண்டு தடவை பிரித்தார். காத்துவின் பட்டறையில் வயரைக் கடித்துத் தின்ற எலிகள் எல்லாம், அன்று அவன் சட்டைக்குள் போன பூனைக்குப் பயந்து ஓடிவிட்டன. அவனும் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

நெஞ்சு டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டிய நாள் வந்தது. தங்கச்சிதான் கூட்டிப் போனாள். அதே ரோடு, அதே பள்ளம். சட்டக்காரர் மடியில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வழியெல்லாம் அவர் டம்ளரைப் பார்ப்பதும், கண்ணாடியில் தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பதுமாக வந்தார். உயிரைக் கொடுத்தவளுக்கு ஏதோ தன்னால் ஆனதைச் செய்துவிட்டோம் என்று மனசு நிறைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டிய நர்ஸம்மா, அன்று வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்களில் ஒருவர். அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஓரமாக நின்ற தங்கச்சியையும் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கும் அதே கார்லதான் வந்தீங்களா?"

"அதே கார்தான். ஆனா பழைய கார் இல்லைங்க" என்றார் சட்டக்காரர், படுத்தபடியே. அவர் குரலில் பெருமை தாங்கவில்லை. "என் உயிரைக் காப்பாத்தின வண்டியாச்சே. நாலு சக்கரத்துக்கும் காத்துப் பை போட்டுட்டோம். இப்ப எந்தப் பள்ளத்துல இறங்கினாலும் ஒரு துளி குலுங்காது."

நர்ஸம்மா ஒயரைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அடப்பாவமே, அதையா சரி பண்ணிட்டீங்க? அன்னைக்கு உங்க நெஞ்சுக்குக் கரண்டு ஷாக் குடுக்க நாங்க மெஷினோட காத்துக்கிட்டு இருந்தோம், வழியிலயே அந்த வண்டி போட்ட குலுக்கல்ல உங்க நெஞ்சு தானா சரியாயிடுச்சுன்னு டாக்டர் இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரே."